இ-புக் படிக்கிறதில்லைன்னு பசங்களைத் திட்டும் முன்

"லட்சக்கணக்கில் இ-புக் இருக்கு, பசங்க டெலிகிராமில்தான் பிடிஎஃப் தேடுறாங்க." நூலகர்கள் கூடும் இடத்தில் இந்தப் புலம்பல் கட்டாயம் வரும். எனக்கு மாணவர்கள் மேல் பெரிய கோபமில்லை. அங்கே ஒரு தட்டு தட்டினால் கோப்பு வந்துவிடுகிறது. நூலகத்தின் வழியாகப் போனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்குப் பெரும்பாலும் என்-லிஸ்ட் என்ற மின்நூல், மின்னிதழ் சந்தாத் திட்டம்தான். குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்துவது. கல்லூரி சந்தா கட்டியதால் மட்டும் மாணவருக்கு எதுவும் திறக்காது. கல்லூரிப் பொறுப்பாளர் ஒவ்வொருவர் பெயரையும் மின்னஞ்சலையும் ஏற்றினால்தான் பாஸ்வேர்டு போகும். மின்னஞ்சலில் ஓர் எழுத்து தப்பினாலோ, வந்த மெயில் ஸ்பாமில் விழுந்தாலோ அந்த மாணவர் அத்தோடு மறந்துவிடுவார். முதல் செமஸ்டரிலேயே "என் பெயர் ஏறியிருக்கா?" என்று நூலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பல்கலைக்கழகங்களில் வேறு தொல்லை. பதிப்பகத் தளம் வளாகத்தின் ஐபியை, அதாவது இணைய இணைப்பின் முகவரி எண்ணைப் பார்த்துத்தான் திறக்கிறது. ஹாஸ்டல் வைஃபையில் திறந்த அதே நூல், ஊருக்குப் போய் மொபைல் டேட்டாவில் பார்த்தால் காசு கேட்கும். கூகுளில் தேடி நேரே போகாமல், நூலகத் தளத்தின் ரிமோட் ஆக்சஸில் (வெளியிலிருந்து நுழையும் வழி) லாகின் செய்துவிட்டுப் போக வேண்டும். நண்பருக்கு அனுப்பும்போது பிரவுசர் முகவரியை அப்படியே காப்பி செய்யாதீர்கள்; அதில் உங்கள் செஷன் (அப்போதைய லாகின் விவரம்) ஒட்டிக்கொண்டிருக்கலாம், அவருக்குத் திறக்காது. நூலின் டிஓஐ (நிரந்தர அடையாள எண்) அல்லது நிலையான இணைப்பை அனுப்புங்கள்.

உள்ளே போன பிறகும் எல்லா நூலும் ஒரே மாதிரி இல்லை. நூலகங்களுக்கு இ-புக் விற்கும் புரோக்வெஸ்ட், எப்ஸ்கோ தளங்களில் ஒரே நேரத்தில் ஒருவர், மூவர், எத்தனை பேரும் என்று உரிமம் பிரித்து விற்கிறார்கள். ஒருவர் உரிமம் உள்ள நூலை 60 பேர் கொண்ட வகுப்புக்குப் பாடநூலாகச் சொன்னால், தேர்வுக்கு முந்தைய இரவு 59 பேர் வெளியே நிற்பார்கள். படித்து முடித்தவர் டேபை மூடாமல் தூங்கப் போனால், செஷன் காலாவதியாகும் வரை அந்த இடம் காலியாகாது. தேவையான அத்தியாயத்தை முன்கூட்டியே பிடிஎஃப்பாக எடுத்து வைப்பதுதான் வழி. எத்தனை பக்கம் எடுக்கலாம் என்பது நூலுக்கு நூல் மாறும்.

முழு நூலையும் கடன் வாங்கினால் சில கேபி அளவில் ஓர் ஏசிஎஸ்எம் கோப்பு இறங்கும். அது நூல் இல்லை, நூலை இறக்க உதவும் டோக்கன். பிடிஎஃப் ரீடரில் திறந்து பார்த்து "கோப்பு கெட்டுப்போச்சு" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, அடோபி ஐடி கொடுத்து, அதில் திறக்க வேண்டும். லேப் கணினியில் ஐடி இல்லாமல் அனுமதி வாங்கினால் நூல் அந்தக் கணினியோடு நின்றுவிடும். ஸ்பிரிங்கர் போன்ற பதிப்பகத்தார் பூட்டு இல்லாத பிடிஎஃப்பாக அத்தியாயங்களைத் தருகிறார்கள். அதே பொருளில் அங்கே நூல் இருந்தால் முதலில் அதை எடுங்கள். அதற்காக ஸ்கிரிப்ட் போட்டு மொத்தமாக இறக்க வேண்டாம். பதிப்பகம் வளாகம் முழுவதற்கும் இணைப்பைத் துண்டித்துவிடும்.

2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டம் வந்ததும் இ-புக் கவலை தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஆய்விதழ்களுக்கான திட்டம்.

தமிழ் மாணவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் அருமையான சேமிப்பு. ஆனால் ஸ்கேன் செய்த பழைய நூல்கள் வெறும் படங்கள். சொல்லைத் தட்டித் தேடினால் ஒன்றும் வராது. பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகப் போக வேண்டியதுதான்.

நூலகர்களுக்கு ஒரு வார்த்தை. "பயன்பாடு குறைவு" என்று சந்தாவை நிறுத்தும் முன், பதிப்பகம் தரும் கவுண்டர் அறிக்கைகளில் (மின்வளப் பயன்பாட்டைக் கணக்கிடும் பொதுத் தர அறிக்கைகள்) டிஆர்_பி2 என்பதைக் கேட்டு வாங்குங்கள். திறக்க முயன்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கணக்கு அதில் நூல்வாரியாக இருக்கும். உரிமமே இல்லாததால் திரும்பியது தனியாக, கூட்டம் மிகுந்ததால் திரும்பியது தனியாக. இரண்டாவது எண் பெரிதாக இருக்கும் நூலுக்கு உரிமத்தைக் கூட்ட வேண்டும், நிறுத்தக் கூடாது.