அடி, கன அடி, டிஎம்சி: கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்

அணை நீர்மட்டச் செய்திகள் சாதாரண மக்களுக்குப் புரிவதில்லை என்று உங்கள் பேப்பரில் கட்டுரையாளர் எழுதியிருப்பது முழுக்க உண்மை. எங்கள் அப்பா டெல்டா விவசாயி. தினமும் காலையில் பேப்பரில் மேட்டூர் நிலவரத்தைத்தான் முதலில் பார்ப்பார். போன வருடம் ஒருநாள், "60 அடி இருக்கே, பாதி அணை இருக்குல்ல?" என்று கேட்டார். மொத்தம் 120 அடி என்பதால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அணையில் தண்ணீர் தேங்கும் இடம் கீழே குறுகி மேலே அகன்று கிடக்கிறது. 60 அடியில் இருப்பது கிட்டத்தட்ட கால் பங்குதான். ஒரு சோற்றுச் சட்டியில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் காட்டிய பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது. நாற்றங்கால் விடுவதா வேண்டாமா என்ற முடிவே இதில் இருக்கிறது ஐயா!

கன அடியும் அப்படித்தான். ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர், அதாவது வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனில் ஏறக்குறைய ஒன்றரை. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. செய்தியில் அடிக் கணக்கோடு நிறுத்தாமல், "கொள்ளளவில் இத்தனை சதவீதம், இப்போது திறக்கும் அளவில் இத்தனை நாள் வரும்" என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.