தலைவர் எழுதித் தந்த கடதாசி விவாகரத்து ஆகாது

"இருவரும் சம்மதித்தால் பதிவாளரிடமே முடித்துவிடலாம்" என்று விவாகரத்து பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. இலங்கை மலையகத்தில் அதைப் படிக்கும் தமிழர்கள் ஏமாந்துவிடக்கூடாது. அந்த வசதி 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாகச் சட்டத்தில்தான் உண்டு; அது கண்டியச் சிங்களவர்களுக்கானது. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா அப்படி முடித்தார் என்பதற்காக நமக்கும் முடியாது. நம்மவர்களின் பதிவுத் திருமணம் பொதுச் சட்டத்தில் வருகிறது. அதற்கு மாவட்ட நீதிமன்றம்தான் போக வேண்டும். "ஒத்துவரவில்லை" என்ற காரணம் மட்டும் அங்கே எடுபடாது. பிறர் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை போன்றவற்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். முதல் தீர்ப்பு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் அது இறுதியாகும்.

என் அக்கா மகள் கதையையும் சொல்கிறேன். தோட்டத்துத் தலைவர் முன்னால் இருவரும் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்தார்கள், நகையைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி, முடிந்தது என்று நினைத்தோம். ஐந்து வருடம் கழித்து மறுமணத்துக்குப் போனபோது பதிவாளர் முடியாது என்றுவிட்டார். அவர் மீது தப்பில்லை. அந்தக் கடதாசி இன்னும் பெட்டியில் கிடக்கிறது.

பேசித் தீர்ப்பது வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை யாரிடம், செலவு யார், சாமான் யாருக்கு என்பதை மத்தியஸ்தர் வைத்துப் பேசலாம், வழக்கும் சுருங்கும். ஆனால் மத்தியஸ்த சபையால் விவாகரத்து கொடுக்க முடியாது. அடி உதை இருக்கும் வீட்டில் சமரசம் பேசப் போகவே வேண்டாம், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். தாபரிப்புப் பணமும், அதாவது மனைவி பிள்ளைகளின் பராமரிப்புச் செலவும், அங்கேதான் கேட்க வேண்டும். அதற்கு விவாகரத்து வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்கள் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள்.