விற்பனைக்கு ஒரு சைக்கிள், மறுபடியும்

(பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடை. அண்ணாச்சி பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். வங்கி ஊழியர் சங்கரன் கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வலது காலை இழுத்தபடி வருகிறார். அந்த இழுப்பில் பாதி வலி, பாதி நடிப்பு.)

அண்ணாச்சி: வாருங்கள் சார். விற்கவா, வாங்கவா?

சங்கரன்: விற்கத்தான் அண்ணாச்சி. நல்ல விலை வந்தால் இன்றைக்கே தள்ளிவிடுங்கள்.

அண்ணாச்சி: அப்படியானால் முட்டி வலி வந்துவிட்டது.

சங்கரன்: எப்படித் தெரியும்? என் வீட்டிலிருந்து போன் செய்தார்களா?

அண்ணாச்சி: போன் எதற்கு? இதோ என் பற்று நோட்டு. ஆடி மாதம்: ‘சங்கரன் சார் சைக்கிளை விற்கச் சொன்னார்.’ ஆவணி: ‘விற்க வேண்டாம் என்றார். புது டயர், தண்ணீர் பாட்டில் மாட்டும் கூடு.’ ஐப்பசி: ‘விற்கச் சொன்னார்.’ கார்த்திகை: ‘விற்றுவிட்டீர்களா என்று பதறி ஓடி வந்தார். கையுறை, முன்விளக்கு.’ உங்கள் டாக்டரிடம்கூட இவ்வளவு சுத்தமான வரலாறு இருக்காது.

சங்கரன்: ஒவ்வொரு தடவையும் காரணம் வேறு அண்ணாச்சி. ஆடியில் காற்று. ஐப்பசியில் மழை.

அண்ணாச்சி: வலி போனதும் என்ன செய்கிறீர்கள்?

சங்கரன்: விட்டதைப் பிடிக்கிறேன். இரண்டு வாரம் சும்மா இருந்தேன் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை வ.உ.சி. மைதானத்திலிருந்து கிளம்பி பதினைந்து கிலோமீட்டர் ஓட்டம். அடுத்த விடுமுறையில் சைக்கிளில் திருச்செந்தூர் போய்த் திரும்பினேன்.

அண்ணாச்சி: போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்குமே!

சங்கரன்: முருகனைப் பார்க்கத்தானே போனேன்?

அண்ணாச்சி: முருகன் என்ன செய்வார், பாவம்? உங்கள் வங்கியில் தவறிய தவணையை மொத்தமாகக் கட்டினால் வாங்கிக்கொள்வீர்கள். கால் வாங்கிக்கொள்ளாது. சரி, வைத்தியம் என்ன நடக்கிறது?

சங்கரன்: காலையில் முடக்கத்தான் தோசை, இரவில் ஆட்டுக்கால் சூப், படுக்கும்முன் தைலம். நடுவில் ஐஸ். ஐஸ் இல்லாதபோது குளிர்பெட்டியில் இருக்கும் பட்டாணிப் பாக்கெட்டை முட்டியில் கட்டிக்கொள்கிறேன்.

அண்ணாச்சி: அந்தப் பட்டாணியை அப்புறம் என்ன செய்வீர்கள்?

சங்கரன்: குருமாவில் போடுவாள். வீட்டில் இப்போது குருமாவை நான் மட்டும்தான் சாப்பிடுகிறேன். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அடிபட்டால் ஓய்வெடு, ஐஸ் வை என்று 1978-இல் புத்தகத்தில் எழுதிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் தாமே மாற்றிச் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி: வைக்கச் சொன்னவரே எடுக்கச் சொல்லிவிட்டாரா? அப்படியானால் பட்டாணிக்கு விடுதலை கொடுங்கள். வேறு யார் என்ன சொன்னார்கள்?

சங்கரன்: ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று மாமனார் சொன்னார். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு, ஓடாதவர்களைவிட மூட்டுத் தேய்மானம் அதிகமில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. அவரிடம் அதைச் சொன்னேன். ‘அப்படியானால் ஏன் நொண்டுகிறீர்கள் மாப்பிள்ளை?’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆய்வு எதுவும் கிடைக்கவில்லை.

அண்ணாச்சி: டாக்டர்?

சங்கரன்: பிடிவாதம் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்தேன். ஆயிரக்கணக்கில் செலவு. ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. கொடுத்த பணத்துக்கு ஒரு சின்னக் கிழிசலாவது காட்டியிருக்கலாம்! தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் பலப்படுத்தச் சொல்லி, பிசியோதெரபிஸ்ட் ஒரு தாளில் பயிற்சிகளை வரைந்து கொடுத்தார்.

அண்ணாச்சி: செய்கிறீர்களா?

சங்கரன்: குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஐஸ் எடுக்கும்போதெல்லாம் படிக்கிறேன்.

அண்ணாச்சி: முட்டியில் எங்கே வலி? வீக்கம் இருக்கிறதா? பூட்டிக்கொள்கிறதா? ஊன்றும்போது மடங்குகிறதா?

சங்கரன்: அதெல்லாம் இல்லை. முன்பக்கம், முழங்கால் சில்லைச் சுற்றித்தான். மாடிப்படி இறங்கும்போதும், சினிமா முடிந்து எழுந்திருக்கும்போதும் உயிர் போகிறது.

அண்ணாச்சி: வீக்கம், பூட்டு என்று ஏதாவது இருந்தால் நீங்கள் போகவேண்டிய இடம் டாக்டர்தான், இந்தக் கடையில்லை. இப்போது சைக்கிளில் ஏறி உட்காருங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். (குனிந்து பார்க்கிறார்) சீட் கம்பியில் நான் போட்ட கோடு எங்கே? உள்ளே போய்விட்டதே! நான் வைத்ததற்கு மூன்று விரல் கீழே இருக்கிறது. யார் இறக்கியது?

சங்கரன்: தானாக இறங்கியிருக்கும்.

அண்ணாச்சி: சார்!

சங்கரன்: வண்ணார்பேட்டை சிக்னலில் கால் தரைக்கு எட்டவில்லை அண்ணாச்சி. சைக்கிளோடு அப்படியே சாய்ந்துவிட்டேன். மறுநாள் நகைக்கடனுக்கு வந்த ஒரு பாட்டி, கவுண்டரில் எல்லோருக்கும் கேட்கும்படி, ‘நேற்று ரோட்டில் படுத்திருந்தது நீதானே ஐயா?’ என்றார். அன்று மாலையே சீட்டைத் தளர்த்தி இறக்க ஆலன் கீ வாங்கினேன்.

அண்ணாச்சி: பாட்டிக்குப் பயந்து முட்டியைக் கொடுத்துவிட்டீர்கள். சீட் இவ்வளவு தாழ்ந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் மிகவும் மடங்கும். மடங்கிய காலால் மிதித்தால் அழுத்தம் முழுக்கச் சில்லின்மேல் விழும். குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக இருக்க வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் இலேசான மடிப்பு தானே வந்துவிடும். அதற்காக அளவுக்கு மேல் உயர்த்தினாலும் வம்பு. இடுப்பு ஆடும், முட்டிக்குப் பின்னால் இழுக்கும்.

சங்கரன்: மறுபடியும் சிக்னலில் விழுந்தால்?

அண்ணாச்சி: நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நில்லுங்கள். உட்கார்ந்தபடியே தரையைத் தொட இது என்ன சாய்வு நாற்காலியா? ஈரடுக்கு மேம்பாலம் ஏறும்போது எந்தக் கியர்?

சங்கரன்: பெரிய கியர்தான். சின்னக் கியரில் கால் குடுகுடுவென்று சுற்றுவதைப் பின்னால் வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

அண்ணாச்சி: யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள், ஹாரன் அடிப்பார்கள். நிமிடத்துக்கு 80, 90 சுற்று சுற்றும்படி கியரை இறக்குங்கள். ஓட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. தாள் கொடுத்தவர் என்ன சொன்னார்?

சங்கரன்: ஓடும்போது காலை எட்டி வைக்காமல் அடியைக் குறுக்கி, நிமிடத்துக்கு எடுத்துவைக்கும் அடிகளை ஐந்திலிருந்து பத்து சதவீதம் கூட்டச் சொன்னார். முட்டிக்குச் சுமை குறையுமாம். தூரத்தையும் மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டுமாம். ஆனால் மைதானத்தில் குட்டி குட்டி அடியாக ஒரு பெரியவர் ஓடுகிறார் அண்ணாச்சி, அவரைப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

அண்ணாச்சி: வயது என்ன?

சங்கரன்: எழுபதுக்கு மேல்.

அண்ணாச்சி: அவருக்கு முட்டி வலி உண்டா?

சங்கரன்: கேட்கலாம் என்றால் அவரைப் பிடிக்க முடிந்தால்தானே!

(அண்ணாச்சி சீட்டை உயர்த்தி இறுக்குகிறார்.)

சங்கரன்: எவ்வளவு அண்ணாச்சி?

அண்ணாச்சி: இருபது ரூபாய். அந்த ஆலன் கீயையும் வைத்துவிட்டுப் போங்கள்.

சங்கரன்: அது எதற்கு?

அண்ணாச்சி: அடமானம். ஆறு வாரம் விடாமல் பயிற்சி செய்துவிட்டு வந்து மீட்டுக்கொள்ளுங்கள்.

சங்கரன்: (பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, குரலைத் தாழ்த்தி) நான் செட்டாகத்தான் வாங்கினேன் அண்ணாச்சி. வீட்டில் இன்னும் எட்டு இருக்கிறது.

அண்ணாச்சி: இருக்கட்டும். இந்தச் சீட்டுக்குச் சேருவது இது ஒன்றுதான்.