உழிச்சலுக்குப் போன அண்ணன்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்க அண்ணன் 14 நாள் ஊரில் இல்லை. கேட்டவங்ககிட்ட எல்லாம், "இடுப்பு வலி, கேரளாவுல உழிச்சலுக்குப் போயிருக்கான்" என்று சொன்னோம். உழிச்சல் என்றால் எண்ணெய் தேய்த்து உருவிவிடும் வைத்தியம். அந்தப் பொய்யை யோசித்துச் சொன்னவன் நான்தான். குமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுக்காரனுக்கு இடுப்பு வலி என்றால் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். அவன் இருந்தது ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில், குடிநோய்க்காக. இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "பேரு மட்டும் போடாதல" என்றான்.

அதற்கு முந்தைய 15 வருஷம் அவன் குடித்தான். அந்த 15 வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒருநாள்கூட யாருக்கும் பொய் சொல்லத் தோன்றியதில்லை. முக்கில் விழுந்து கிடப்பான், ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுப் போவார், மறுநாள் அவரே சிரித்துக்கொண்டு நலம் விசாரிப்பார். கல்யாண வீட்டில் பந்தலுக்குப் பின்னால் இவனுக்கென்று தனியாக ஒரு பாட்டில் எடுத்து வைப்பார்கள். "ஆம்பிளையள் குடிக்கது உள்ளதுதானே" என்று மைனியிடம், அதாவது அண்ணன் பெண்டாட்டியிடம், சொன்ன பெரியவர்கள் எத்தனை பேர்! அவன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற பேச்சு வந்த அன்றுதான் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது, சத்தம் குறைந்தது. "வெளிய தெரிஞ்சா பிள்ளையளுக்கு நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பா?" என்று அம்மா அழுதாள். குடித்த காலத்தில் வராத மானக்கேடு குடியை விடப் போனபோது வந்தது. எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதில்தான். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே.

பால்வெட்டு தெரிந்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். ரப்பர் மரத்தில் ஒரு தடவைக்குச் சீவுவது ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் தடியில் காயம் பட்டுவிடும். பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அண்ணன் நல்ல வெட்டுக்காரன். கடைசி இரண்டு வருஷம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் கை நடுங்கும். நடுக்கம் நிற்க அரை கிளாஸ் உள்ளே போக வேண்டும். போனால்தான் கத்தி நேராக நிற்கும். "வேலைக்குப் போகும்போதே ஊத்திட்டுப் போறான், திமிரப் பாரு" என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவன் குடித்தது கை நிற்க. தோட்டத்துக்காரர் மரத்தில் காயத்தைப் பார்த்து வேலையை விட்டு நிறுத்திய பிறகுதான் எங்களுக்கு அது உறைத்தது.

ஊரில் எல்லாரும் கையில் வைத்திருக்கும் ஒரு வாதம் உண்டு: "சபரிமலைக்கு மாலை போட்டா 41 நாள் தொடாம இருக்கான்ல? தவக்காலத்துல 40 நாள் இருக்கான்ல? அப்போ மனசு வச்சா முடியும்." சிலருக்கு முடியும், மறுப்பில்லை. அண்ணனும் ஒரு கார்த்திகையில் மாலை போட்டான். இரண்டாம் நாள் காலையில் குளிக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து விழுந்தான், நாக்கு கடிபட்டு ரத்தம். சுத்தக்குறைவு, சாமி குத்தம் என்றார்கள். ஜெபத்துக்குக் கூட்டிப் போகச் சொன்ன பக்கத்து வீட்டு மாமியும் உண்டு. எங்கள் ஊரில் எல்லா மதத்துக்கும் யோசனை சொல்ல ஆள் இருக்கிறது. அந்த வலிப்பு ஏன் வந்ததென்று பின்னால் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. தினமும் மது இறங்கும் உடம்பில், மது அமர்த்துகிற அளவுக்கு மூளை எதிர்ப்பக்கம் இழுத்துப் பழகிவிடுகிறது. மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்த இழுப்பு மட்டும் மிச்சம். சில மணி நேரத்திலேயே நடுக்கம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, அதற்கடுத்த இரண்டு மூன்று நாளில் சிலருக்கு ஆள் தெரியாத பிதற்றல். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். ஆஸ்பத்திரியில் அமைதிப்படுத்தும் மாத்திரையை முதலில் கூடுதலாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். அண்ணனுக்கு அங்கே கிடைத்த பெரிய ஆறுதல், ஒரு நர்ஸ் அவனிடம் "எப்பிடிண்ணே தூங்குனிய?" என்று கேட்டதுதானாம்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிநோயை நோய் என்று அறிவித்தது 1956-ல். நம்ம மாவட்டம் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருஷம். எல்லை மாறிய கதை இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்த இன்னொரு சேதி இன்னும் வந்து சேரவில்லை. 2019-ல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மீதிப் பேரில் எத்தனை பேர் வீட்டில் எங்கள் அம்மா மாதிரி ஒருத்தி கதவைச் சாத்தியிருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

எங்கள் தலைமுறைக்கு மனநல ஆஸ்பத்திரி என்றாலே திருவனந்தபுரத்து ஊளம்பாறைதான். சின்ன வயசில் "உன்ன ஊளம்பாறைக்குத்தான் கொண்டு போவணும்" என்று சொல்லாத வாத்தியார் இல்லை. அந்தச் சொல் மனசில் கிடப்பதால்தான், ஓ.பி. சீட்டு எடுக்கப்போன அன்று அண்ணன் மனநலப் பிரிவு வாசலில் நிற்காமல் தோல் வியாதி வரிசையில் போய் உட்கார்ந்திருந்தான். நம்பர் கூப்பிட்டதும் நான் போய்த் தோளில் தட்டினேன்.

அதற்கும் முன்னால் நாங்கள் செய்த தப்பு ஒன்று உண்டு. யாரோ சொன்னார்கள் என்று மாவட்டத்துக்கு வெளியே ஒரு 'மறுவாழ்வு' வீட்டில் கொண்டுபோய் விட்டோம். டாக்டர் வருவார் என்றார்கள், வரவில்லை. வெளியே பூட்டு. "ரெண்டு தட்டு தட்டுனாத்தான் திருந்துவானுங்க" என்று அங்கிருந்தவர் எங்களிடமே சொன்னார், நாங்கள் தலையாட்டினோம். குடிப்பவன் குற்றவாளி என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்ததால்தானே அந்தத் தலை ஆடியது? 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மது, போதைப்பொருளால் வரும் மனப் பாதிப்புகளும் அடங்கும். அப்படிப்பட்டவருக்கும் மரியாதையாக நடத்தப்படுகிற உரிமை உண்டு, சிகிச்சை விவரம் வெளியே போகாமல் காக்கப்படுகிற உரிமை உண்டு. சங்கிலி போடவே கூடாது. எங்களுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்போமா என்பது சந்தேகம்தான்.

'குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்ற விளம்பரப் பொடியையும் மைனி இரண்டு மாசம் மீன்குழம்பில் கலந்தாள். அதில் என்ன இருந்ததென்று கடவுளுக்கே வெளிச்சம். டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு; அதைப் போட்டவர் மேலே குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். அதனால் நோயாளியிடம் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு மட்டும்தான் தருவார்கள். தெரியாமல் கொடுக்கலாம் என்பது வசதி போலத் தெரியும். அவனோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவது எங்களுக்கு அவ்வளவு கூச்சமாக இருந்தது, அதனால்தான் பொடி வாங்கினோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஏழாம் மாசம் அவன் மறுபடி குடித்தான். ஒரு சாவு வீட்டில். அன்றைக்கு ஊர் சொன்னது: "நாய் வால நிமித்த முடியுமா?" இதே ஊரில் சுகர்காரர் ஒருவர் ஓணத்துக்கு மூணு கிளாஸ் பாயசம் குடித்துவிட்டு மயங்கி விழுந்தால் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவோம். டாக்டர் திட்டவில்லை. மாத்திரையை மாற்றினார், வாரம் ஒருமுறை வரச் சொன்னார். இப்போது குடிக்காமல் 13 மாசம். பழைய தோட்டத்துக்காரர் கூப்பிடவில்லை. வேறு தோட்டத்தில் வெட்டுக்குப் போகிறான்.

குடியை விட்ட ஆண் பிள்ளைக்காவது ஒரு சொந்தக்காரன் சாயா வாங்கிக் கொடுப்பான். இதே நோய் ஒரு பொம்பளைக்கு வந்தால் எந்த உழிச்சல் கதையும் காப்பாற்றாது. எனக்குத் தெரிந்த வீடு ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

யாருக்காவது தேவைப்பட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416. இரண்டுக்கும் காசு கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அந்த உழிச்சலுக்குப் பொறவு அவனுக்கு இடுப்பு நல்லா நேராயிட்டு." மாமியும் "ஆமா, ஆளே மாறிட்டான்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே எழுதுகிறேன். அம்மா முகநூலில் இல்லை. மாமியின் மகன் இருக்கிறான்.