வாழைத்தண்டுச் சாறு சிறுநீர்ப்பைப் புற்றைக் கரைக்குமா?

"48 நாள் வாழைத்தண்டுச் சாறு குடித்தால் சிறுநீர்ப்பைப் புற்றுக்கட்டி கரையும், ஆஸ்பத்திரிக்குப் போனால் பையையே எடுத்துவிடுவார்கள்" என்று தருமபுரி, கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவலின் இரண்டு பாதியுமே தவறு.

சாறு கட்டியைக் கரைக்காது. இந்தப் புற்றின் முக்கிய அறிகுறியான, வலியில்லாமல் சிறுநீரில் வரும் ரத்தம் சில நாளில் தானாக நின்று, பிறகு திரும்பும். அந்த இடைவெளியைத்தான் குணமானதாக நம்பிவிடுகிறார்கள். கட்டியோ உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

பெரும்பாலானோருக்குக் கண்டுபிடிக்கும்போது புற்று பையின் தசைச் சுவருக்குள் இறங்கியிருக்காது. அவர்களுக்கு வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறுநீர்ப் பாதை வழியே கருவியை நுழைத்துச் சுரண்டி எடுப்பார்கள். பரிசோதனைக்குப் போகும் துண்டில் தசையும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆழம் தெரியாது, மறுபடி சுரண்ட நேரிடும். திரும்ப வரும் அபாயம் அதிகமென்றால் பி.சி.ஜி. மருந்து (காசநோய்த் தடுப்பூசியில் உள்ள அதே கிருமி; பைக்குள் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்): வாரம் ஒன்றாக 6 வாரம், டியூப் வழியே பைக்குள் செலுத்தி, சுமார் 2 மணி நேரம் அடக்கிவைக்க வேண்டும். சிறுநீரில் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் அன்று தள்ளிப்போடுவார்கள். இதைப் பாதியில் விடுவதுதான் பெரிய தவறு.

தசைக்குள் இறங்கியிருந்தால் கீமோ கொடுத்துப் பையை எடுப்பது வழக்கம். அப்போதும் தகுந்த சிலருக்குக் கட்டியைச் சுரண்டி, கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துப் பையைக் காப்பாற்ற முடியும்.

இந்தப் புற்றுக்கு முக்கியக் காரணமான பீடி, சிகரெட்டை இன்றே நிறுத்துங்கள். ஒருமுறை ரத்தம் தெரிந்தாலும் சிறுநீர்ப் பாதை (யூராலஜி) மருத்துவரிடம் காட்டுங்கள்.