குட்டிச்சாத்தானைப் பிடித்த பிறகு

கல் விழுகிற வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கூரையைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்த வீட்டில் யாருடைய பேச்சு எடுபடுவதில்லை என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

பெங்களூரு ஸ்ரீராமபுரம் பக்கம் ஒரு வீட்டில் இப்போது இதே கதை. ஷீட் கூரையில் கல் விழுகிறதாம், அடுப்படியில் பாத்திரம் தானாக உருள்கிறதாம். குட்டிச்சாத்தான் வேலை, கொள்ளேகாலிலிருந்து மந்திரவாதியைக் கூட்டி வாருங்கள் என்கிறார்கள் பெரியவர்கள். படித்த பிள்ளைகளோ மேலே மெட்ரோ ஓடுகிற அதிர்வு என்கிறார்கள். வீட்டில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். படிக்க வைக்கிறோம் என்று தருமபுரிப் பக்கமிருந்து சித்தி கூட்டிவந்த பிள்ளை. படிப்பு எந்த அளவில் நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதிர்வுக் கட்சி ஒன்றும் புதிதல்ல. பூமிக்கடியில் ஓடும் நீர் வீட்டை அசைப்பதால்தான் சாமான்கள் நகர்கின்றன என்று 1955இல் லாம்பர்ட் என்கிற ஆங்கிலேயர் சொன்னார். ஆலன் கால்டும் டோனி கார்னெலும் அதைச் சோதிக்க, இடிக்கவிருந்த வீட்டில் அதிர்வு இயந்திரத்தைப் பொருத்திக் குலுக்கியே பார்த்துவிட்டார்கள். வீடு அதிர்ந்ததே தவிர, கதைகளில் வருகிற மாதிரி எதுவும் பறக்கவில்லை. இத்தனைக்கும் இருவரும் பேய் ஆய்வில் ஊறியவர்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம் மனோசக்திக் கட்சி. 1958இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு வீட்டில் புட்டி மூடிகள் தானாகத் திறந்துகொண்டன. அங்கே போன வில்லியம் ரோல் என்கிற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளியும், இது பேயல்ல, வீட்டிலிருக்கும் ஒருவரின் அடக்கிவைத்த மனக்கொந்தளிப்பு தன்னையறியாமல் பொருள்களை நகர்த்துகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த வீட்டிலும் 12 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். இந்தக் கட்சியில் பாதி எனக்குச் சம்மதம். கொந்தளிப்பு நிஜம்தான். அதற்கு இரண்டு கைகள் போதும், புது சக்தி எதற்கு?

லண்டனின் என்ஃபீல்டில் 1977இல் தொடங்கியது இன்னும் பிரபலம். கணவரைப் பிரிந்து நாலு பிள்ளைகளோடு வாழ்ந்த தாய். 11 வயது மகளைச் சுற்றித்தான் அத்தனையும் நடந்தது. சில வேலைகளைத் தானே செய்ததாக அந்தப் பெண் பின்னாளில் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டாள், ஏதோ இரண்டு சதவீதம் என்று. மிச்சம் 98 உண்மை என்று நம்பிக்கைக்காரர்கள் இன்றுவரை அதைப் பிடித்துத் தொங்குகிறார்கள். 1984இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், தத்தெடுத்து வளர்க்கப்பட்ட 14 வயதுப் பெண் மேஜை விளக்கைத் தானே இழுத்துச் சாய்த்தது கேமராவில் பதிவானது. உடனே மோசடி என்றார்கள் ஒரு தரப்பு. மற்றதெல்லாம் நிஜம் என்றார்கள் இன்னொரு தரப்பு. அந்த வயதில் ஒரு பிள்ளை ஏன் விளக்கை இழுக்க வேண்டும்? இரண்டு தரப்புக்குமே அந்தக் கேள்வி தேவைப்படவில்லை.

என் கோபம் நம்பிக்கைக்காரர்கள் மேல் மட்டுமல்ல. நம் பகுத்தறிவு நண்பர்கள் மேலும்தான். ஆளைப் பிடித்ததும் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். பெங்களூரு பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மய்யா 1976இல் அற்புதங்களை விசாரிக்கக் குழு அமைத்த ஊர் இது. பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சாமியாரிடம் சவால் விடுவதும் ஒரு சிறுமியிடம் சவால் விடுவதும் ஒன்றா? சாமியாருக்குப் பின்னால் கூட்டம் இருக்கிறது. இவளுக்கு?

இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் இந்த மாதிரி வீடுகளுக்கு நிறையப் போனவர். வீட்டில் ஒருவரின் கைதான் காரணம் என்று கண்டுபிடித்ததோடு நிற்காமல், பாதிக்கப்பட்டவர்களுக்கு மனவசிய (ஹிப்னாடிச) முறையில் சிகிச்சையும் பார்த்தார். அந்த முறையைப் பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு. ஆனால் பிடித்த பிறகும் அங்கேயே உட்கார்ந்தார், பாருங்கள். இன்று நமக்கு ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவே உண்டு. கொள்ளேகாலுக்கு வண்டி பிடிப்பதைவிடச் செலவும் குறைவு.

அந்த வீட்டில் கேமரா வைக்கலாம் என்று நம் பகுத்தறிவுக் குழுவில் பேச்சு அடிபடுகிறது. சரி, வையுங்கள். எதிர்வீட்டுப் பையன் கல் எறிந்தாலும் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பெண் பதிவாகியிருந்தால் வீடியோவை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது. சித்தியிடம் காட்டும் முன் யாராவது அவளிடம் தனியாகப் பேச வேண்டும், முடிந்தால் ஒரு பெண். இதற்குச் சம்மதமென்றால் மட்டும் கேமராச் செலவில் என் பங்கைத் தருகிறேன்.