தொழிற்சாலைக்குச் செய்ததை மருத்துவமனைக்கும் செய்யுங்கள்

1989இல் மலேசியாவின் பினாங்கு மாநிலம் ஒரு நல்ல காரியம் செய்தது. 1972 முதல் இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், போஷ் என்று பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்த தொழிற்சாலைகளுக்கு ஒரு கட்டத்தில் கைதேர்ந்த ஆள் போதவில்லை. ஒரு நிறுவனம் பயிற்சி கொடுத்து ஆளாக்கினால், பக்கத்து நிறுவனம் கொஞ்சம் கூடுதல் சம்பளம் காட்டி அழைத்துக்கொள்ளும். இப்படியே போனால் யாருக்கும் ஆள் மிஞ்சாது என்று புரிந்துகொண்டு, மாநில அரசு துணை நிற்க, நிறுவனங்கள் தங்கள் இயந்திரங்களையும் பயிற்சியாளர்களையும் கொண்டுவந்து வைக்க, பினாங்கு திறன் மேம்பாட்டு மையமான பி.எஸ்.டி.சி. உருவானது. எதைக் கற்றுத்தர வேண்டும் என்பதை அந்த நிறுவனங்களே சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தன. சந்தையில் போட்டியாளர்கள், பயிற்சியில் கூட்டாளிகள்.

இன்று அதே தட்டுப்பாடு நம் மருத்துவமனைகளில் இருக்கிறது. அதே துணிச்சலைத்தான் காணவில்லை.

இந்தத் தீவின் தனியார் மருத்துவமனைகளுக்கு இந்தோனேசியாவின் மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் நோயாளிகள் வந்தபடி இருக்கிறார்கள். கட்டடங்கள் உயர்கின்றன, கட்டில்கள் கூடுகின்றன. அந்தக் கட்டில்களைக் கவனிக்க வேண்டிய தாதியரோ சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் விமானம் ஏறுகிறார்கள். ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கிடைக்கும்போது அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2030இல் மலேசியர்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்று சொல்லப்படுகிறது. முதியவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் பினாங்கும் ஒன்று.

பேச்செல்லாம் மருத்துவர், தாதியர் பற்றாக்குறையைச் சுற்றியே நடக்கிறது. அவர்களுக்கு அடுத்த படியில் இருப்பவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வார்டு உதவியாளர், டயாலிசிஸ் மையத்தின் உதவியாளர், முதியோர் இல்லப் பராமரிப்பாளர், வீட்டுக்கே வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்பவர். இந்த நாட்டில் 50,000க்கும் மேற்பட்டவர்கள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நீரிழிவு மிக அதிகமாக இருப்பது இந்தியர்களிடையேதான் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே இது நம் வீட்டுப் பிரச்சினை.

என் அத்தை பக்கவாதத்தில் படுத்தபோது நிபோங் திபாலிலிருந்து ஓர் அக்கா பார்த்துக்கொள்ள வந்தார். மூக்குக் குழாய் வழியாகப் பால் கொடுக்கும் முன் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவார். ஊசிக்குழலால் குழாயிலிருந்து சிறிது இழுத்து, சோதனைத் தாளில் தொட்டு, குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பாலை ஊற்றுவார். கொடுத்து முடித்தும் அரை மணி நேரம் அத்தையைச் சாய்த்துப் படுக்க விடமாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்து, இடுப்பெலும்பு மேட்டிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பார். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை. படுத்திருந்த காலம் முழுவதும் அத்தைக்கு ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போனேன் தம்பி. மிஸிகள் (தாதியர்) செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டேன்" என்றார். கையில் ஒரு சான்றிதழ்கூட இல்லை. அதனால் எங்கே போய் நின்றாலும் அவருக்குக் குறைந்தபட்ச சம்பளம்தான்.

இவரைப் போன்றவர்களுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, முதியோர் பராமரிப்பு உட்படப் பல தொழில்களுக்கு எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. வகுப்பில் உட்காராமலே, செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் காட்டி அதைப் பெறும் பி.பி.டி. என்ற வழி உண்டு. எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சி முறையும் உண்டு. அதில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலேயே நடக்கும், மிச்சம்தான் பயிற்சி நிலையத்தில். பராமரிப்பு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறு எது? படம் வரைந்து காட்டி நோயாளியைப் புரட்டப் பழக்க முடியாது.

வழி இருந்தும் ஆள் வராததற்கு முதல் காரணம் சம்பளம். 2025 முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. அதே சம்பளத்துக்குத் தொழிற்சாலையில் சேர்ந்தால் ஓவர்டைம் கிடைக்கும், முதுகும் தப்பும். எஸ்.கே.எம். முதல் நிலைக்கு இவ்வளவு, இரண்டாம் நிலைக்கு இவ்வளவு, மூன்றாம் நிலைக்கு இவ்வளவு என்று சம்பளத்தை எழுத்தில் வைக்காமல் பயிற்சி இடங்களை மட்டும் கூட்டினால் நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கும். தனியார் தாதியர் கல்லூரிகள் பெருகிய காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் டிப்ளோமாவையும் கல்விக் கடனையும் சுமந்துகொண்டு வேலைக்கு அலைந்தார்கள்! கட்டணம் வாங்கியவர்களுக்கு வேலை கொடுக்கும் பொறுப்பு இருக்கவில்லை. அதனால்தான் பி.எஸ்.டி.சி. வழியைச் சொல்கிறேன். வேலை கொடுக்கப்போகிறவரே பயிற்சிக்கும் பணம் போடட்டும்.

இன்னொரு தடை நம் வாயிலிருந்து வருகிறது. "அடுத்தவர் மலம் அள்ளவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்ற பேச்சு எத்தனை பிள்ளைகளைத் தடுத்திருக்கிறது! ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் டாக்டர் பட்டம் வாங்கியவர் இல்லை. காய்ச்சலுக்கு மருந்து, வெட்டுக்காயத்துக்குக் கட்டு எல்லாம் அவர் கையால்தான். அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. பயிற்சியும் பதிவும் கையில் இருந்ததால் அந்த வேலைக்கு மதிப்பு இருந்தது. இன்றைய பராமரிப்பாளருக்கும் அதே இரண்டைக் கொடுத்தால் பெற்றோரின் பேச்சு தானாகவே மாறும்.

மாநில அரசிடம் கேட்பது இது: தீவிலுள்ள தனியார் மருத்துவமனைகளையும் டயாலிசிஸ் மையங்களையும் முதியோர் இல்லங்களையும் ஒரே மேசைக்கு அழையுங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பிறையிலோ நிபோங் திபாலிலோ, ஒரு பயிற்சி நிலையம் வேண்டும். பாலம் தாண்டிப் போய்வர முடியாத பெண்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை வேண்டும். சமையலையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வருமானமே இல்லாமல் மாதக்கணக்கில் யாராலும் வகுப்புக்கு வர முடியாது.

நம் ஆலயங்களுக்கும் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பி.பி.டி. கோப்பு பெரும்பாலும் மலாயில் எழுதப்படுவது. பல ஆண்டு அனுபவமுள்ள பெண்கள் அந்தத் தாள்களைப் பார்த்துப் பயந்தே விலகிவிடுகிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் திறந்து, மலாய் நன்றாக எழுதத் தெரிந்த நான்கு இளைஞர்களை உட்கார வைத்தால் போதும். பிறை, பட்டர்வொர்த் பக்கம் யாராவது தொடங்கினால் நான் வந்து எழுதிக்கொடுக்கிறேன்.